உதைக்காத ரிவால்வர்: சிறிய காலிபரில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரிவால்வர் சுடக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது பெரிய காலிபர், அதாவது குழல் துளை அகலமான துப்பாக்கி. சத்தமும் உதையும் இருந்தால்தான் துப்பாக்கி என்ற எண்ணம் அவர்களுக்கு. நாலைந்து தோட்டா சுட்டதுமே மணிக்கட்டு கடுக்க ஆரம்பிக்கும். அடுத்த முறை ட்ரிகரில் விரல் வைக்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். குழல் முனை கீழே இறங்கும், குண்டு இலக்குத் தாளுக்குக் கீழே மண்ணில் போய்ப் புதையும். அந்தப் பழக்கம் ஒருமுறை கையில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு.

.22, .32 போன்ற சிறிய காலிபர் ரிவால்வர்கள் இந்தத் தொல்லையைத் தருவதில்லை. அடி விழும் என்ற பயம் இல்லாததால் மனசு முழுக்கக் குழல் நுனியில் உள்ள முன்குறியிலும் விரலிலும் நிற்கும். ஒரு பிற்பகல் முழுவதும் சுட்டாலும் கை சலிக்காது. சேகரிப்பவருக்கும் இந்த வகையில் அள்ள அள்ளக் குறையாத சுவாரசியம் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் தங்கள் கைத்திறனில் மிகச் சிறந்ததைச் செலவிட்ட ரிவால்வர்களில் பல இந்தச் சிறிய காலிபர்களில்தான் வந்தன. சுடவும் செய்யலாம், சேர்க்கவும் செய்யலாம் என்ற இரண்டும் ஒன்றாகக் கூடிவரும் இடம் இது. எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

வாங்கும் முன்

உரிமம், வயது வரம்பு, வைத்துக்கொள்ளும் எண்ணிக்கை, பூட்டி வைக்கும் முறை, தோட்டா வாங்கும் அளவு எல்லாமே நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதே தடை. சில இடங்களில் சுடுதள உறுப்பினராக இருந்தால் மட்டுமே அனுமதி. நீங்கள் வாழும் இடத்தின் சட்டத்தை உரிமம் வழங்கும் அலுவலகத்திலேயே நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "பழங்காலப் பொருள்தானே, சட்டம் பொருந்தாது" என்று விற்பவர் சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். எந்த ஆண்டுக்கு முன் செய்தது பழங்காலப் பொருள் என்பதும் இடத்துக்கு இடம் வேறு.

அடுத்ததாக ஒரு சுடுதளத்தில் சேருங்கள். பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, அங்கே வாடகைக்கோ இரவலுக்கோ கிடைக்கும் ரிவால்வர்களில் இரண்டு மூன்றைச் சுட்டுப் பாருங்கள். கைக்கு எது பொருந்துகிறது என்பது படித்துத் தெரிகிற விஷயமில்லை.

உதை எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொண்டால் பிறகு வாங்கும் ஒவ்வொன்றிலும் முடிவு எடுப்பது எளிது. குண்டு முன்னே போகும் உந்தத்துக்குச் சமமான உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. வழக்கமான .22 லாங் ரைஃபிள் குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். கைத்துப்பாக்கிக் குழலில் இருந்து நொடிக்கு ஏறக்குறைய 300 மீட்டர் வேகத்தில் கிளம்பும். .357 மேக்னம் குண்டு 158 கிரெய்ன், 10 கிராமுக்குச் சற்று மேல், வேகமும் அதிகம். ஒரே எடையுள்ள இரண்டு ரிவால்வர்களில் இவற்றைச் சுட்டால் உந்தம் ஐந்து மடங்கு வேறுபடும். கையில் இறங்கும் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் வேறுபாடு ஐந்து மடங்கோடு நிற்காமல் இருபத்தைந்து மடங்கு ஆகிவிடுகிறது.

துப்பாக்கியின் எடை கூடினால் உதை அந்த அளவுக்குக் குறையும். அதனால்தான் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் எஃகு ரிவால்வரில் .22 சுடும்போது உதை என்று ஒன்று இருப்பதே தெரிவதில்லை. குழல் முனை மெல்ல அசைந்து தன் இடத்துக்கே திரும்பி வரும். குண்டு விழுந்த துளையைக் கண்ணால் பார்க்க நேரம் கிடைக்கும்.

எந்தத் தோட்டா

.22 குடும்பத்தின் மூத்த பிள்ளை .22 ஷார்ட். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1857இல் தன் முதல் ரிவால்வரான மாடல் 1ஐ இதற்காகவே கொண்டுவந்தது. ஏழு தோட்டா கொள்ளும் அந்தச் சிறிய துப்பாக்கிதான் உலோகத் தோட்டாவுடன் வெற்றி பெற்ற முதல் அமெரிக்க ரிவால்வர். தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டரை முன்னிருந்து பின்வரை முழுக்கத் துளைக்கும் அமைப்புக்கு ரோலின் வைட் 1855இல் காப்புரிமை பெற்றிருந்தார். அதைப் பயன்படுத்தும் தனி உரிமையை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வாங்கி வைத்துக்கொண்டதால் 1869 வரை மற்ற அமெரிக்கக் கம்பெனிகள் முறையாக அப்படிச் செய்ய முடியவில்லை. .22 லாங் ரைஃபிள் 1887இல் வந்தது. இன்று .22 என்று பொதுவாகச் சொன்னால் இதுதான். விலை மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் ரிம்ஃபயர் வகை: வெடிப்பொருள் தோட்டாவின் விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. சுட்ட பின் மிஞ்சும் உலோக ஓட்டில் மறுபடி மருந்து நிரப்ப முடியாது, அவ்வப்போது ஒரு தோட்டா வெடிக்காமலும் போகும்.

.22 மேக்னம் என்பது 1959இல் வந்த வேறு தோட்டா. அதன் ஓடு சற்றுப் பருமன். .22 லாங் ரைஃபிள் தோட்டாவை மேக்னம் சிலிண்டரில் போட்டால் உள்ளே போகும், ஆனால் தளர்வாக இருக்கும்; சுட்டால் ஓடு பிளந்து வாயு பின்னால் சீறக்கூடும். சில ரூகர் சிங்கிள்-சிக்ஸ் ரிவால்வர்களுடன் இரண்டு சிலிண்டர் தருவது இதற்காகத்தான்.

.32 குடும்பம் என் தனிப் பிரியம். .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1878இல் வந்தது, அதன் நீண்ட வடிவமான .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் 1896இல். அதே 1896இல், நியூயார்க் காவல் ஆணையர் குழுவின் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் தன் காவலர்களுக்கு .32 காலிபர் கோல்ட் நியூ போலீஸ் ரிவால்வரைப் பொது ஆயுதமாக்கினார். காவல் துறைகள் பிறகு .38க்குப் போய்விட்டன. இலக்குச் சுடும் வீரர்கள் .32 லாங்கை விடவில்லை. முனை தட்டையான வாட்கட்டர் குண்டுடன் இந்தத் தோட்டா தாளில் காகிதத் துளைக் கருவி போட்டது போல வட்டமாக, ஓரம் பிசிறில்லாமல் ஓட்டை போடும். 25 மீட்டர் சென்டர்ஃபயர் (வெடிப்பொருள் தோட்டாவின் அடிநடுவில் இருக்கும் வகை) போட்டிகளில் இதற்கு இன்றும் இடம் உண்டு. சென்டர்ஃபயர் என்பதால் சுட்ட ஓட்டில் திரும்ப மருந்து நிரப்பலாம். உதை .22ஐவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

1984இல் .32 எச் அண்ட் ஆர் மேக்னம், பிறகு .327 ஃபெடரல் மேக்னம் என்று இந்தக் குடும்பம் நீண்டது. .327க்குச் செய்த ரிவால்வரில் .32 எச் அண்ட் ஆர் மேக்னம், .32 லாங், .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மூன்றையும் சுடலாம். தலைகீழாகச் செய்யக் கூடாது: சிறிய தோட்டாவுக்கான பழைய ரிவால்வரில் பெரியதைத் திணிக்க வழி தேடாதீர்கள். .32 ஆட்டோ தோட்டா சில பழைய .32 ரிவால்வர்களில் உள்ளே நுழைந்துவிடும். அதன் அழுத்தம் வேறு, போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் குழலில் பொறித்திருக்கும் பெயர் எதுவோ அந்தத் தோட்டா மட்டும்தான்.

.38 ஸ்பெஷலும் இந்தப் பக்கம் ஒரு கால் வைத்திருக்கிறது. 148 கிரெய்ன் வாட்கட்டர் தோட்டாவை ஒரு கனமான ரிவால்வரில் சுட்டால் மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் தொடக்கம் .22இல் இருக்கட்டும்.

முதல் ரிவால்வர்

என் பரிந்துரை தெளிவானது: எஃகுச் சட்டகம், நான்கு அல்லது ஆறு அங்குலக் குழல், நகர்த்திச் சரிசெய்யும் பின்குறி, .22 லாங் ரைஃபிள். சட்டைப் பையில் அடங்கும் இலகுவான குட்டி .22 வேண்டாம். உதை குறைவுதான், ஆனால் அரைக் கிலோவுக்கும் குறைந்த துப்பாக்கியில் நான்கைந்து கிலோ இழுவை கேட்கும் ட்ரிகர் இருந்தால், விரல் அழுத்தும்போது துப்பாக்கியே ஆடும். குறிகளுக்கு இடையே உள்ள தூரமும் குறைவு, சிறு பிழையும் பெரிதாகும்.

ட்ரிகர் விஷயத்தில் இரண்டு வகையையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கிள் ஆக்‌ஷனில் தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தியலான ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்துகிறோம். பிறகு ட்ரிகர் ஒன்றரைக் கிலோ அளவு இழுவையில் விடும். டபுள் ஆக்‌ஷனில் ட்ரிகரே ஹேமரையும் தூக்கி, சிலிண்டரையும் சுழற்றி, விடவும் செய்யும். இழுவை மூன்று நான்கு மடங்கு. ரிம்ஃபயர் விளிம்பை நசுக்க ஹேமர் பலமாக அடிக்க வேண்டியிருப்பதால் .22 ரிவால்வர்களின் டபுள் ஆக்‌ஷன் இழுவை, அதே வடிவமுள்ள .38ஐவிடப் பெரும்பாலும் கனமாக இருக்கும். அதைக் குறை என்று நினைத்து ஸ்பிரிங்கை வெட்டி மெலிதாக்குபவர்கள் உண்டு. விளைவு, தோட்டாக்கள் வெடிக்காமல் போவது.

பார்க்க வேண்டியவை சில. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கே-22 வரிசை 1931இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கே-22 மாஸ்டர்பீஸுக்கு 1957இல் மாடல் 17 என்று எண் கொடுத்தார்கள். துருப்பிடிக்காத எஃகில் அதன் வாரிசு மாடல் 617. தொடங்குபவர் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளத் தகுந்தவை இவை. சிங்கிள் ஆக்‌ஷன் மட்டும் போதும் என்றால் 1953இல் இருந்து வரும் ரூகர் சிங்கிள்-சிக்ஸ். பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தோட்டா போட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். இந்த நிதானம் புதியவருக்கு நல்லதே செய்கிறது. தோட்டா வீணாவதும் குறையும்.

சிங்கிள்-சிக்ஸில் ஒரு முக்கியமான பிரிவு உண்டு. 1973க்கு முந்தைய பழைய வகையில் ஹேமர் இறங்கிய நிலையில் இருக்கும்போது கீழே விழுந்தால் வெடிக்கும் அபாயம் இருக்கிறது. அதில் ஆறு அறை இருந்தாலும் ஐந்தில்தான் தோட்டா போட வேண்டும். ஹேமருக்கு நேரே காலி அறை. 1973இல் வந்த புதிய வகையில் டிரான்ஸ்ஃபர் பார் என்ற பட்டை உள்ளது. ட்ரிகரை அழுத்தினால் மட்டுமே அது மேலேறி அடியைக் கடத்தும். சட்டகத்தின் பக்கத்தில் மூன்று திருகு இருந்தால் பழையது, இரண்டு பின் இருந்தால் புதியது. பழையதைத் தொழிற்சாலை இலவசமாகவே மாற்றித் தருகிறது. மாற்றினால் பழைய பாகங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சேகரிப்பாளருக்கு அவை தேவைப்படும்.

பழையதைச் சோதிப்பது

நல்ல சிறு காலிபர் ரிவால்வர்களில் பெரும்பகுதி பழையவைதான் கிடைக்கும், அதனால் இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். முதலில் சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். கோல்ட் என்றால் தாழ்ப்பாளைப் பின்னே இழுக்க வேண்டும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்றால் முன்னே தள்ள வேண்டும், ரூகரின் டபுள் ஆக்‌ஷன் வகைகளில் உள்ளே அழுத்த வேண்டும். விற்பவரின் அனுமதி பெற்றுத்தான் ஹேமரைத் தொட வேண்டும். காலி .22 ரிவால்வரில் ட்ரிகரைச் சொடுக்கவே வேண்டாம். பழைய ரிம்ஃபயர்களில் ஊசி தோட்டாவுக்குப் பதிலாக அறையின் விளிம்பை அடித்துப் பள்ளமாக்கும். ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே மெதுவாக இறக்குங்கள்.

சிலிண்டர் சரியான நேரத்தில் பூட்டுகிறதா என்ற டைமிங்கைப் பார்க்க ஒரு விரலைச் சிலிண்டர்மேல் லேசாக வைத்து, ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுதாக நிற்பதற்கு முன்போ அல்லது அதே கணத்திலோ சிலிண்டர் "டிக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டரை விரலால் தள்ளிப் பூட்ட முடிகிறது என்றால், சிலிண்டரைச் சுழற்றும் "கை" என்ற பாகம் தேய்ந்துவிட்டது. எல்லா அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஆறில் ஒன்று மட்டும் பின்தங்குவது சாதாரணமாக நடக்கும். பழைய கோல்ட்களில் இதை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள். அவற்றின் அமைப்பு ட்ரிகரை அழுத்திய நிலையில் அசையாமல் பூட்டும், அதற்கான விலையாக அந்தப் பாகம் சீக்கிரம் தேயும், சரிசெய்யத் தெரிந்தவர்களும் குறைவு.

பிறகு சிலிண்டரை மூடி, முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இம்மியளவு அசைவு இருக்கலாம், கடகடவென்று ஆடக்கூடாது. குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் தகடு நுழைத்து அளக்கலாம். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. கூடினால் வாயுவும் ஈயத்துகளும் பக்கவாட்டில் அதிகமாகத் தெறிக்கும். மிகக் குறைந்தால் பத்துப் பதினைந்து தோட்டாவிலேயே கரி படிந்து சிலிண்டர் சிக்கும்.

ஹேமரை நிறுத்திய நிலையில், விரலை ட்ரிகரில் வைக்காமல், கட்டைவிரலால் ஹேமரை முன்னோக்கி மிதமாகத் தள்ளுங்கள். அது நழுவி விழுந்தால் அந்தத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யாரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

.22 என்றால் சிலிண்டரின் பின்முகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அறையின் வாயில் ஊசி அடித்த பள்ளம் தெரிகிறதா? பள்ளத்தின் பக்கத்தில் உலோகம் உள்நோக்கிப் பிதுங்கியிருந்தால் தோட்டா முழுதாக இறங்காது, ஓடும் எளிதில் வெளிவராது. லேசாக இருந்தால் துப்பாக்கி மெக்கானிக் சரிசெய்து தருவார், விலையைக் குறைத்துக் கேட்கலாம். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கும்போது நடுவில் ஒரு வளையம்போல நிழல் தெரிந்தால், முன்பு உள்ளே சிக்கிய குண்டின்மேல் இன்னொன்றைச் சுட்டு குழல் வீங்கியிருக்கிறது. அதை வாங்க வேண்டாம்.

வெளித்தோற்றத்தில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் ஹேமரும் ட்ரிகரும் நீல நிறத்தில் இருக்காது. பழுப்பும் சாம்பலும் நீலமும் கலந்து எண்ணெய் மிதக்கும் தண்ணீர் போன்ற வண்ணம் இருக்கும். அவையும் உடலைப் போலவே கருநீலமாக இருந்தால் முழுத் துப்பாக்கிக்கும் பின்னாளில் மறுமெருகு போட்டிருக்க வாய்ப்பு அதிகம். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருப்பது, திருகுத் துளையைச் சுற்றிக் குழிந்திருப்பது, கூராக இருக்க வேண்டிய விளிம்பு உருண்டிருப்பது எல்லாம் அதே கதையைச் சொல்லும். சுடுவதற்கு இது ஒரு குறையே அல்ல. சேகரிப்பு விலை மட்டும் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ரிவால்வர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை: மாடல் 1 போன்றவையும், நடுவில் மடங்கித் திறக்கும் பழைய .32 ரிவால்வர்களில் பலவும் கருமருந்துக் காலத்தவை. இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தத்தை அவை தாங்காது. தோட்டா கடையில் கிடைக்கிறது என்பதற்காகச் சுடாதீர்கள். அவற்றைக் கையில் வைத்துப் பார்த்து மகிழ்ந்தால் போதும்.

சுடுதளத்தில்

எல்லாத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியது என்றே கருதுங்கள். சுட விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதீர்கள். குறிகள் இலக்கில் சேரும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கட்டும். இலக்கும் அதன் பின்னால் இருப்பதும் என்னவென்று தெரிந்த பிறகே சுடுங்கள். சிறிய காலிபர்தானே என்று இதில் எதையும் தளர்த்தக் கூடாது; .22 குண்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும், உயிரைப் பறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் காப்பு. .22 சத்தமும் காதைக் கெடுக்கும் அளவுக்கு உரத்ததுதான்.

பிடியில், இரண்டு கட்டைவிரலும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கீழ்நோக்கி மடங்கி இருக்கட்டும். பிஸ்டல் சுடுபவர்கள் செய்வதுபோல முன்னே நீட்டினால் சிலிண்டர் இடைவெளிக்குப் பக்கத்தில் போய்விடும். அங்கே சீறும் சூடான வாயு விரலைப் பதம் பார்க்கும். கைப்பிடியை எவ்வளவு மேலே பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே பிடியுங்கள்.

முதல் தாளை ஏழு மீட்டரில் வையுங்கள். ஒரே ஒரு தோட்டா போட்டு, சிங்கிள் ஆக்‌ஷனில், முன்குறியின் மேல்விளிம்பைக் கூராகப் பார்த்துச் சுடுங்கள். இலக்கு மங்கலாகத் தெரிய வேண்டும், அது சரியே. ட்ரிகரை அழுத்தும் வேகம் மாறாமல் இருக்கட்டும், எப்போது விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். துளைகள் ஒரே இடத்தில் கூடினால் போதும், நடுவில் விழாவிட்டாலும் கவலையில்லை. இடத்தைப் பின்குறியைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். கூட்டத்தைக் கைதான் உண்டாக்க வேண்டும்.

பிறகு ரிவால்வருக்கே உரிய அருமையான பயிற்சி ஒன்று. மூன்று அறையில் தோட்டாவும் மூன்றில் சுட்ட ஓடும் கலந்து போட்டு, எது எங்கே என்று பார்க்காமல் சிலிண்டரைச் சுழற்றி மூடுங்கள். ஓடு உள்ள அறையில் ஹேமர் விழும்போது குழல் முனை அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் உங்கள் கை உதையை எதிர்பார்த்துத் துள்ளுகிறது. .22இல் இந்தத் துள்ளல் சீக்கிரம் அடங்கும். பெரிய காலிபரில் மாதக்கணக்கில் அடங்காது. அது அடங்கிய பிறகு டபுள் ஆக்‌ஷனுக்குப் போங்கள். ஏழு மீட்டரில் டபுள் ஆக்‌ஷனில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் ஆறும் விழ ஆரம்பித்ததும் பதினைந்து மீட்டருக்கு, பிறகு இருபத்தைந்துக்கு.

தோட்டா வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே வைத்து முப்பது நொடி காத்திருங்கள். உடனே டபுள் ஆக்‌ஷனில் மறுபடி இழுக்காதீர்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அப்போது குழலுக்கு நேரே இல்லாத அறையில் இருக்கும். சத்தம் வழக்கத்தைவிட அடங்கி, "புஸ்" என்று வந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். இறக்கி, குழல் வழியே வெளிச்சம் பார்த்த பிறகே அடுத்தது.

சுட்ட ஓடுகளை வெளியேற்றும்போது குழல் முனையை வானத்தை நோக்கி நிறுத்தி, ஓடுகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் கம்பியை ஒரே தட்டாகத் தட்டுங்கள். கிடைமட்டமாக வைத்துத் தள்ளினால் எரியாத மருந்துத் துகள் கம்பியின் மறுமுனையில் ஓடுகளைத் தூக்கும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் விழும். ஒரு துகள் போதும், நட்சத்திரம் முழுதாக உட்காராமல் சிலிண்டர் இறுகும், ட்ரிகர் கனக்கும். பழுது என்று மெக்கானிக்கிடம் வரும் .22 ரிவால்வர்களில் பலவற்றுக்கு வைத்தியம் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்தான். சிலிண்டரை மணிக்கட்டை வெட்டி டப்பென்று மூடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது சிலிண்டரைத் தாங்கும் கையான கிரேனை வளைத்துவிடும்.

சுட்ட பின்

கையைச் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். குண்டிலும் ரிம்ஃபயர் வெடிப்பொருளிலும் ஈயம் உண்டு. மூடிய சுடுதளம் என்றால் காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டே சேருங்கள்.

சுத்தம் செய்வதில் அறைகள்தான் முக்கியம், குறிப்பாக .22 ஷார்ட் சுட்டிருந்தால். குட்டையான ஓட்டுக்கு முன்னால் அறைக்குள் ஒரு கரி வளையம் படியும். பிறகு லாங் ரைஃபிள் போட்டால் இறுகிக்கொள்ளும். வெண்கலப் பிரஷ் கொண்டு ஒவ்வொரு அறையையும் பின்னிருந்து தேயுங்கள். குழலை முன்முனையில் இருந்துதான் சுத்தம் செய்ய முடியும், ஆகவே கம்பி முனையின் விளிம்பில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிக்கல் முலாம் பூசியதில் அம்மோனியா கலந்த கரைப்பான் வேண்டாம். முலாம் உரிந்திருக்கும் இடத்தில் அடியில் தாமிரப் பூச்சு இருந்தால் அதை அது தின்னும்.

சேர்ப்பது

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் அது குவியல். ஒரு சரடைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பரிந்துரைக்கும் சரடுகளில் மிக அழகானது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் போருக்குப் பிந்தைய மாஸ்டர்பீஸ் மூவர்: கே-22, கே-32, கே-38. மூன்று காலிபருக்கும் ஒரே சட்டகம், ஒரே ட்ரிகர் உணர்வு. குழலின் மேல்பட்டையின் அகலத்தை மாற்றி எடையையும் ஏறக்குறைய ஒன்றாக்கினார்கள். ஒன்றில் பயிற்சி செய்தால் மற்ற இரண்டும் கைக்குப் பழகியிருக்கும். மூன்றில் கே-32 அரியது. குறைவாகவே செய்யப்பட்டது, விலையும் அதற்கேற்ப இருக்கும். கடைசியாக வாங்குவது அதுவாக இருக்கட்டும்.

செலவைக் குறைக்க நினைப்பவருக்கு ஒன்பது தோட்டா .22கள் ஒரு நல்ல சரடு. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் ஸ்போர்ட்ஸ்மேன் 999 நடுவில் மடங்கித் திறக்கும். திறந்த வேகத்தில் ஒன்பது ஓடும் ஒன்றாக மேலெழும்பி வெளியே விழும், அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு சுற்றுச் சுடத் தோன்றும். 1955இல் வந்த ஹை ஸ்டாண்டர்ட் சென்டினல் அலுமினியச் சட்டகம் கொண்டது, எளிமையானது, இன்றும் பலர் கவனிக்காமல் கடந்துபோவது. கோல்ட் பக்கம் சாய்பவர்கள் 1966இல் வந்த டயமண்ட்பேக்கை நாடுவார்கள். அதே கம்பெனியின் பெரிய ரிவால்வரான பைத்தானின் சிறிய உருவம்போல இருக்கும், அதன் .22 வடிவத்துக்குப் போட்டி அதிகம். கோல்ட் சிலிண்டர் வலஞ்சுழி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இடஞ்சுழி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சுழற்றினால் இரண்டு கம்பெனிகளும் வெவ்வேறு வழியில் யோசித்தது கையிலேயே தெரியும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய .32 ஹேண்ட் எஜெக்டர்கள், கோல்ட் போலீஸ் பாசிட்டிவ்கள் ஆகியவையும் நல்ல தேர்வு. நல்ல நிலையில் இருந்தால் சுடவும் இனிமையானவை.

வரிசை எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் கைப்பிடியின் அடியில் உள்ள எண் சிலிண்டரின் பின்முகத்திலும், குழலின் அடிப்புறத்திலும், பல நேரம் வலது மரப்பிடியின் உள்பக்கத்திலும் இருக்கும். எல்லாம் ஒன்றாக இருந்தால் அந்தப் பாகங்கள் பெரும்பாலும் தொழிற்சாலையில் பூட்டியவையே. பெட்டி, காகிதங்கள், கூட வந்த திருகாணிக் கருவி எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

தோல் உறைக்குள் வைத்துச் சேமிக்க வேண்டாம். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் சேர்ந்து கருநீல மேல்பூச்சான புளூயிங்கைத் துருவாக்கிவிடும். பஞ்சு வைத்த பெட்டியும் அப்படித்தான். இரும்புப் பெட்டகத்தில், சிலிக்கா ஜெல்லுடன், மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வையுங்கள். அடிக்கடி தொடாதவற்றுக்கு அருங்காட்சியகங்களில் பயன்படும் ரெனைசான்ஸ் மெழுகு நல்லது. தோட்டாக்கள் வேறு பூட்டில். தொட்டுப் பார்த்த பிறகு விரல் ரேகையைத் துணியால் துடைத்துவிட்டே உள்ளே வையுங்கள். சிலருடைய வியர்வை ஒரே இரவில் தடம் பதித்துவிடும்.

ஒவ்வொரு ரிவால்வருக்கும் ஒரு தாள் எழுதி வையுங்கள்: வரிசை எண், வாங்கிய தேதி, யாரிடம், என்ன விலை, என்ன பழுது பார்த்தது, எந்தத் தோட்டா அதற்குப் பிடிக்கிறது. கடைசியில் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள்; .22களில் ஒவ்வொன்றும் ஒரு தோட்டா வகையோடுதான் நன்றாகச் சுடும், நாலைந்து வகையில் ஐந்து ஐந்தாகச் சுட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். இந்தத் தாள்களின் ஒரு பிரதி வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும், உரிமத்தின் நகலோடு. உங்களுக்குப் பிறகு அவற்றை எப்படிச் சட்டப்படி கைமாற்ற வேண்டும், எதைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.